அறுபத்தொரு நாள் சும்மா கிடந்த பேட்டரி

ஜூன் 14 இரவில் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏப்ரல் 15இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் அன்று நள்ளிரவோடு முடிகிறது. ஐஸ் உடைக்கும் மிஷின் ஓயாமல் அரைக்கிறது, டீசல் கேன்கள் கைமாறுகின்றன, புதுச் சாயம் பூசிய விசைப்படகுகளின் அணியத்தில் மாலை ஆடுகிறது. வலை ஏற்றியாயிற்று. அரிசி, காய்கறி, குடிதண்ணீர் எல்லாம் ஏற்றியாயிற்று. இத்தனை பரபரப்புக்கு நடுவே வரிசையில் ஏதோ ஒரு படகிலிருந்து அந்தச் சத்தம் கேட்கும். சாவியைத் திருப்பினால் 'டக்'. இன்னொரு முறை திருப்பினால் 'டக்... டக்... டக்டக்டக்'.

"அண்ணே, செல்ஃப் எடுக்கல" என்று எஞ்சின் அறைக்குள்ளிருந்து குரல் வரும்.

அந்த 'டக்டக்' சத்தமே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது. சாவியைத் திருப்பும்போது பேட்டரியிலிருந்து முதலில் ஒரு சின்ன மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறது. அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும்; அது இழுத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பாதையைத் திறந்துவிடுகிறது. மோட்டாரோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கிறது. நோஞ்சான் பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட்டேஜ் சட்டென்று சரிகிறது, சுருளின் பிடி விடுகிறது, பாதை மூடுகிறது. சுமை போனதும் வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறுகிறது, சுருள் மறுபடி இழுக்கிறது. விநாடிக்குப் பல தடவை இது நடந்தால் கேட்பதுதான் அந்தச் சத்தம். எஞ்சினில் பழுது என்று நினைத்து இரவோடு இரவாக மெக்கானிக்கைத் தேடி ஓடுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

துறைமுகத்தில் என்றால் பக்கத்துப் படகில் பேட்டரி இரவல் வாங்கலாம். கடலிலேயே பல நாள் தங்கிப் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன இடத்தில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், இதே சத்தம் கேட்டால்? பெரும்பாலான படகுகளில் இருக்கும் பழைய பாணி டீசல் எஞ்சின் ஒரு தடவை ஓடத் தொடங்கிவிட்டால் அது ஓடிக்கொண்டிருக்க பேட்டரி வேண்டாம். கிளப்புவதற்குத்தான் வேண்டும். வலையை விட்டுவிட்டு, டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி, விளக்குகளை மட்டும் எரியவிட்டுக் கண்ணயர்ந்தவர்களுக்கு விடியற்காலையில் எஞ்சின் கிளம்புவதில்லை. வள்ளத்து எஞ்சினைக் கயிறு சுற்றி இழுத்தோ கையால் சுற்றியோ கிளப்பிவிடலாம். விசைப்படகின் பெரிய எஞ்சினிடம் அது நடக்காது. அதே பேட்டரியை நம்பித்தான் விஎச்எஃப் ரேடியோவும் ஜிபிஎஸ்ஸும் இருக்கின்றன. உதவி கேட்கும் வாயும் அடைந்துபோகிறது. பாக் நீரிணையில் நீவாடு என்னும் நீரோட்டம் இழுக்கும் பக்கம் படகு போகும். எஞ்சின் நின்றுபோய் எல்லைக்கோட்டைத் தாண்டி மிதந்துபோன படகுகளைப் பற்றிய செய்தி ராமேஸ்வரத்துக்கும் கோடியக்கரைக்கும் புதிதல்ல.

இப்படி நட்டநடுக் கடலில் கைவிட்ட பேட்டரிகளில் பலவற்றுக்குக் கேடு தொடங்கியது கரையில்தான், தடைக்காலத்தில். அந்த அறுபத்தொரு நாளில் படகுக்கு எல்லாச் சீரும் நடக்கிறது. அடிப்பலகை மாற்றுகிறார்கள், ஓட்டைக்குப் பஞ்சு அடைக்கிறார்கள், சாயம் பூசுகிறார்கள், எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறார்கள், வலை கோக்கிறார்கள். ஒரு மூலையில் இருக்கும் கறுப்புப் பெட்டியை மட்டும் யாரும் தொடுவதில்லை. ஓடாத பொருள் தேயாது என்பது நம் எல்லோருக்கும் இருக்கும் எண்ணம். பேட்டரி விஷயத்தில் அந்த எண்ணம் தலைகீழ்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? 1859இல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று படாமல் சுருட்டிக் கந்தக அமிலத்தில் வைத்தார். மின்சாரத்தைச் செலுத்தினால் சேமித்துக்கொண்டது, கேட்டபோது திருப்பிக் கொடுத்தது. இன்றைக்குப் படகிலும் லாரியிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் இருப்பது அதன் வழிவந்ததுதான். 12 வோல்ட் பேட்டரி என்பது ஒரே பெட்டிக்குள் தனித்தனி அறையாக இருக்கும் ஆறு செல்கள். ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தரும். மின்சாரத்தை எடுக்க எடுக்க அமிலத்திலுள்ள சல்பேட் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்தால் அது தகட்டை விட்டு இறங்கி மறுபடி அமிலத்தில் கலக்கிறது. பேட்டரியின் வாழ்வும் சாவும் இந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது.

தகட்டில் ஒட்டிய ஈயச் சல்பேட் புதிதாக இருக்கும்போது மாவு போல மென்மையாக இருக்கும். சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். அதை நாள் கணக்கில், வாரக் கணக்கில் அப்படியே விட்டால் படிகம் பெரிதாகி இறுகிப்போகிறது. பாத்திரத்தில் ஒட்டிய சோற்றை அன்றைக்கே கழுவினால் போய்விடும், இரண்டு நாள் காயவிட்டால் சுரண்ட வேண்டியிருக்கும் அல்லவா, அதே கதை. இறுகிய இடத்தில் வேதிவினை நடக்காது. 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வெளியே எழுதியிருக்கும். உள்ளே 40க்குத்தான் தகடு மிஞ்சியிருக்கும். அதைச் சார்ஜரில் போட்டால் சீக்கிரமே 'ஃபுல்' என்று காட்டும், சீக்கிரமே இறங்கியும் போகும். "சார்ஜ் நிக்கல" என்று துறைமுகத்தில் சொல்வது இந்த நிலைமையைத்தான்.

இப்போது தடைக்காலத்தைப் பாருங்கள். கடைசி மீன்பிடிப் பாட்டுக்குப் போய் ஏப்ரல் 14இல் படகு கரைக்கு வருகிறது. பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதையும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மிதமான 25 டிகிரி செல்சியஸில் மாதத்துக்கு ஏறத்தாழ 5 சதவீதம் என்பது நல்ல பேட்டரியின் கணக்கு. பழையதானால் இன்னும் கூடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. தடைக்காலமோ கத்தரி வெயிலை நடுவில் வைத்துக்கொண்டிருக்கிறது.

அதோடு போவதில்லை. ஜிபிஎஸ் கருவியின் நினைவகம், ரேடியோவின் சின்னப் பச்சை விளக்கு, தேங்கும் தண்ணீரை இறைக்கும் தானியங்கிப் பம்பின் சுவிட்ச் என்று எதையாவது இணைத்தபடியே விட்டிருப்பார்கள். மொத்தமாக 50 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட, ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 61 நாளுக்கு 73. நூறு ஆம்பியர்-மணி பேட்டரியை வறளவைக்க இதுவே ஏறக்குறையப் போதும்.

இன்னொரு திருடன் பேட்டரியின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறான். உப்புக்காற்றின் ஈரமும் தூசியும், மூடி வழியாகக் கசிந்த அமிலமும் கலந்து மேற்பரப்பில் ஒரு பிசுபிசுப்பான படலம் படிகிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். சந்தேகமிருப்பவர் ஒரு மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையை மைனஸ் டெர்மினலில் வைத்து, மறுமுனையைப் பேட்டரியின் பிளாஸ்டிக் மேல்புறத்தில் நகர்த்திப் பார்க்கலாம். வெறும் பிளாஸ்டிக்கில் முள் அசையவே கூடாது. அழுக்கு ஏறிய பேட்டரியில் அரை வோல்ட், ஒரு வோல்ட், சில நேரம் அதற்கு மேலும் காட்டும். இந்த டெர்மினலிலிருந்து அந்த டெர்மினலுக்கு இரவும் பகலும் ஒரு மெல்லிய ஒழுக்கு. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவிட்டால் ஒழுக்கு நின்றுவிடும். மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடாத் தண்ணீர் உள்ளே போனால் அமிலத்தை முறித்துவிடும்.

படகை ஏற்றிய அன்றே மைனஸ் ஒயரைக் கழற்றி, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, நிழலில் வைத்து, மாதம் ஒரு முறை மறுபடி சார்ஜ் போடுவது, இவ்வளவுதான் தடைக்காலத்தில் அது கேட்பது. சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று பெரியவர்கள் பலகை போட்டு வைப்பார்கள். மரப்பெட்டியிலும் பழைய ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்தில் ஈரத்தரை அதைப் பாதித்தது உண்மை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம். ஆனாலும் பலகை இருந்தால் இருக்கட்டும். துடைக்கவும் தூக்கவும் வசதி.

வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடுவதில் மட்டும் ஒரு எச்சரிக்கை வேண்டும். சார்ஜ் நிறைவை நெருங்கும்போது, 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 14.4 வோல்ட்டைத் தொடும் நேரத்தில், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியத் தொடங்குகிறது. 'கொதிக்குது' என்று சொல்வார்கள்; அந்தக் குமிழிகள் சூட்டினால் வருவதில்லை, வாயுவினால் வருகின்றன. நிறைந்த பேட்டரிக்கு 5 ஆம்பியர் வீதம் நான்கு மணி நேரம் கூடுதலாகச் சார்ஜ் போனால் ஆறு செல்லும் சேர்ந்து ஏறக்குறைய 50 லிட்டர் ஹைட்ரஜனை விடும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பற்றும். ஆக அந்த 50 லிட்டர், ஒரு கன மீட்டருக்கும் பெரிய மூடிய அறையைப் பற்றக்கூடியதாக ஆக்கிவிடுகிறது. படகில் பேட்டரி வைக்கும் அடைப்பு பல நேரம் அதைவிடச் சின்னது. பற்றவைக்கத் தேவையான பொறியோ, கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக இருந்தாலும் போதும். ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பீடி பற்றவைத்துக்கொண்டு மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்ப்பது, டார்ச் இல்லையென்று தீக்குச்சியை உரசிப் பார்ப்பது, சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளிப்பை உருவுவது ஆகிய மூன்றும் எத்தனையோ பேரின் முகத்தில் அமிலத்தை அடித்திருக்கின்றன. கிளிப்பை மாட்டும்போதும் எடுக்கும்போதும் சார்ஜரின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். இரவல் பேட்டரி வைத்துக் கிளப்பும்போது முதலில் பிளஸ்ஸோடு பிளஸ், பிறகு இரவல் பேட்டரியின் மைனஸ். கடைசி மைனஸ் முனையை இறங்கிப்போன பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி எஞ்சினின் உலோகத்தில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அது வாயு இருக்கும் இடத்தை விட்டு எட்டிப் பறக்கட்டும்.

ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசானது, மேலேதான் போகும். பேட்டரிப் பெட்டிக்குக் கீழே எத்தனை ஓட்டை போட்டாலும் பயனில்லை. காற்று வரக் கீழே ஒன்று, வாயு வெளியேறப் பெட்டியின் உச்சியில் ஒன்று.

பேட்டரி வாயு ஒரு கப்பலையே முடித்த கதை உண்டு. 1949 ஆகஸ்ட் 25இல் அமெரிக்கக் கடற்படையின் கோச்சினோ என்ற நீர்மூழ்கி நார்வேக்கு வடக்கே கொந்தளிக்கும் கடலில் போய்க்கொண்டிருந்தபோது அதன் பேட்டரி அறையில் வெடிப்பு ஏற்பட்டது. தீயும் ஹைட்ரஜனும் ஒன்றையொன்று வளர்த்தன, அடுத்தடுத்து வெடித்தது. உடன்வந்த டஸ்க் என்ற நீர்மூழ்கி அலைக்கு நடுவே பக்கத்தில் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டது. மறுநாள் கோச்சினோ மூழ்கியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் காப்பாற்ற வந்த டஸ்க்கைச் சேர்ந்தவர்கள், அலை அடித்துக்கொண்டு போனவர்கள்.

கடல் தண்ணீர் பேட்டரியைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் கிட்டத்துச் சான்று இருக்கிறது. 2017 நவம்பர் 15இல் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி 44 பேரோடு காணாமல் போனது. அது கடைசியாக அனுப்பிய செய்திகளில், காற்று இழுக்கும் குழாய் வழியாகக் கடல் நீர் புகுந்து பேட்டரித் தொகுதியில் மின்குறுக்கு ஏற்பட்டுத் தீ தொடங்கியதாகச் சொல்லியிருந்தது. ஓராண்டு கழித்து, 900 மீட்டருக்கும் கீழே, நொறுங்கிய உடலாகக் கண்டுபிடித்தார்கள். நீர்மூழ்கிக்கும் விசைப்படகுக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பெட்டிக்குள்ளே இருக்கும் ஈயமும் அமிலமும் ஒன்றுதான். உப்புத் தண்ணீர் செல்லுக்குள் புகுந்தால் குளோரின் வாயு வரும். குளிக்கும் குளத்தில் மருந்து போட்ட வாடை போல மூக்கில் ஏறும், நுரையீரலை அரிக்கும். அதனால்தான் படகின் அடியில் ஊறித் தேங்கும் தண்ணீர் ஒருநாளும் எட்டாத உயரத்தில் பேட்டரி உட்கார வேண்டும். அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நகராதபடி பட்டை போட்டுக் கட்ட வேண்டும். ஆடுகிற பேட்டரியில் தகட்டின் பசை உதிர்ந்து அடியில் சேர்கிறது. சேர்ந்து மேடாகி இரண்டு தகட்டைத் தொட்டுவிட்டால் அந்தச் செல் செத்தது. முழுக்கச் சார்ஜ் போட்டும் மீட்டர் 10.5 வோல்ட்டையே காட்டிக்கொண்டிருந்தால் ஆறில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம்.

அமிலம் கண்ணில் பட்டால் அந்த நொடியே நல்ல தண்ணீரை ஊற்றத் தொடங்கி, இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி. கண்ணில் சோடா போடக் கூடாது. குடிதண்ணீர் வீணாகிறதே என்று யோசிக்கும் நேரம் அது இல்லை. கையில் காப்பு, மோதிரம், கழுத்தில் தொங்கும் சங்கிலி இருந்தால் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுப்பது நல்லது. உலோகம் இரண்டு டெர்மினலையும் ஒருசேரத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். மோதிரம் விரலிலேயே பழுத்துப்போகும். ஸ்பேனரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிவைத்திருக்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள். பத்து ரூபாய் டேப்தான். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

கடலில் நடக்கும் தவறுக்கு வருவோம். பல படகுகளில் இருப்பது லாரிக்கு விற்கும் அதே பேட்டரி. அதன் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். சில விநாடிக்கு ஏராளமான மின்சாரத்தை வாரிக்கொடுத்துவிட்டு உடனே ஆல்டர்னேட்டரிடம் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கும் ட்யூபுலர் பேட்டரி வேறு வகை. தகடு தடிமன், மெல்ல மெல்லப் பல மணி நேரம் கொடுக்கும், ஆழமாக இறங்கினாலும் தாங்கும். லாரி பேட்டரியை இரவெல்லாம் விளக்கெரிய வைத்து அடிவரை வறட்டினால், சில டஜன் தடவையிலேயே அதன் கதை முடிந்துவிடும்.

ஒரு இரவின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்து வாட் எல்இடி விளக்கு எட்டு. ஜிபிஎஸ், ரேடியோ, ஆழமானி எல்லாம் சேர்ந்து நாற்பது வாட். மொத்தம் 120 வாட், அதாவது 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். பேட்டரி 100 ஆம்பியர்-மணி. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது ஈய பேட்டரிக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு. ஆக எடுக்கக்கூடியது 50. மாலை ஏழு மணிக்கு விளக்கைப் போட்டால் நள்ளிரவில் அந்த 50 தீர்ந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிவரை எரிந்தால் பேட்டரி காலி. அந்த நேரத்தில்தான் எஞ்சினைக் கிளப்பச் சாவியைத் திருப்புகிறோம்.

இதற்குத் தீர்வு பெரிய செலவில்லை. கிளப்புவதற்கென்று ஒரு பேட்டரி, அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. விளக்குக்கும் கருவிகளுக்கும் தனியாக ஒரு ட்யூபுலர். நடுவே 'ஒன்று', 'இரண்டு', 'சேர்ந்து', 'ஆஃப்' என்று திருப்பும் மாற்றுச் சுவிட்ச். எஞ்சின் ஓடும்போது 'சேர்ந்து' என்று வைத்தால் இரண்டும் சார்ஜ் ஆகும், நின்றதும் விளக்குப் பேட்டரிக்குத் திருப்பி இரண்டையும் பிரித்துவிட வேண்டும். விளக்குப் பேட்டரி முழுக்க இறங்கினாலும் கரைக்குத் திரும்பும் வழி பத்திரமாக இருக்கும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு மீதி எதையும் செய்யாத படகுக்காரர்கூட நிம்மதியாகத் தூங்கலாம் என்பது மிகையில்லை. பெரிய எஞ்சினுக்கு 24 வோல்ட் வேண்டும் என்று இரண்டு பேட்டரிகளைத் தொடராகக் கோத்திருந்தால், மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் ஒன்றாக உழைக்காது. பழையது முதலில் இறங்கிப் புதியதையும் கெடுக்கும்.

பேட்டரியைப் பழித்துப் புதிது வாங்கியவர்கள் பலருக்கு உண்மையில் பழுது ஆல்டர்னேட்டரில் இருந்திருக்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு டெர்மினலில் மீட்டரை வைத்தால் 13.8க்கும் 14.4க்கும் நடுவில் காட்ட வேண்டும். 13க்குக் கீழே இருந்தால் சார்ஜே ஆகவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஒயர் அரித்திருக்கலாம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. அழுகிய முட்டை வாடை வந்தால் நிலைமை முற்றிவிட்டது. அப்போது எஞ்சினையோ சார்ஜரையோ நிறுத்திவிட்டு, ஆள் வெளியே வந்து, காற்றோட்டம் விட வேண்டும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் களிம்பும் நல்ல பேட்டரியைக் கெட்டதுபோலக் காட்டும். ஸ்டார்ட்டர் கேட்கும் மின்சாரத்தின் அளவுக்கு ஒரு கீற்றுக் களிம்புகூட மதில்சுவர். கழற்றி, கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டி, அதற்குப் பிறகுதான் மேலே வாஸ்லினோ கிரீஸோ தடவ வேண்டும். முதலில் தடவிவிட்டு மாட்டுவது தப்பு.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் ரொம்பவே அசட்டை. டிஸ்டில்ட் வாட்டர் கேன் மலிவாகக் கிடைக்கும்போதே குழாய்த் தண்ணீர், ஐஸ் உருகிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் என்று ஊற்றுகிறார்கள். குழாய்த் தண்ணீரின் உப்பும் இரும்பும் தகட்டைத் தின்னும். ஏசித் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் செம்புச் சுருளையும் அதன் தூசியையும் கழுவிக்கொண்டு வருவது. தகடு மூழ்கி அதற்கு மேல் ஒரு விரல் அகலம் நின்றால் போதும். சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும், ஏனென்றால் சார்ஜ் ஆகும்போது மட்டம் ஏறி வழியும். தகடே வெளியே தெரிகிறது என்றால் மட்டும் அது மூழ்கும் அளவு ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடலாம். குறைவது தண்ணீர்தான், ஆகவே அமிலம் ஊற்றும் வேலையே இல்லை. மூடியே இல்லாத சீல் வகைப் பேட்டரிக்கு இந்தக் கவலை கிடையாது. ஆனால் அதிகச் சார்ஜில் ஒருமுறை வறண்டுபோனால் அதற்குத் திரும்ப ஊற்றவும் வழி கிடையாது.

லித்தியம் பேட்டரியும் படகுக்கு வந்துகொண்டிருக்கிறது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் 75 பேர் பயணிக்கும் ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு லித்தியத்தில்தான் ஓடுகிறது. 2023இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவும் அப்படியே. எடை குறைவு, ஆழமாக இறங்கினாலும் தாங்கும். இந்தப் படகுகளுக்குப் பின்னால் முறையான வடிவமைப்பும் கண்காணிப்பும் இருக்கின்றன. அப்படி இருந்தும் தவறலாம். 2019 அக்டோபரில் நார்வேயின் இட்டரோய்னிங்கென் என்ற பயணிப் படகின் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. பயணிகளைப் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலை, தீ அடங்கிவிட்டது என்றிருந்தபோது, தளத்துக்குக் கீழே சேர்ந்திருந்த வாயு வெடித்தது. குளிர்விக்கும் திரவம் கசிந்ததிலிருந்து ஆரம்பித்த விபத்து அது. இ-ரிக்‌ஷாவிலிருந்து கழற்றிய பழைய லித்தியம் பொதியை வாங்கி, ஈய பேட்டரியின் சார்ஜரையே மாட்டி, ஃபைபர் படகின் அணியத்துக்கு அடியில் வைப்பவர்கள் இதை நினைக்க வேண்டும். லித்தியத்துக்கு அதற்கான சார்ஜரும் பாதுகாப்புச் சுற்றும் கட்டாயம். உப்புத் தண்ணீர் பட்ட பொதி காய்ந்த பிறகும் ஆபத்தானது.

தீர்ந்துபோன ஈய பேட்டரியைத் துறைமுக ஓரத்தில் உடைத்து அமிலத்தைக் கடலில் கொட்டுவது இன்றும் நடக்கிறது. ஈயம் மண்ணில் தங்கும், அங்கே விளையாடும் குழந்தைகளின் ரத்தத்துக்குப் போகும். மூளை வளர்ச்சியை அது கெடுக்கும்; பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும். புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

மே மாதம் மூன்றாவது வாரத்துக்கு வருவோம். படகு மேடையில் ஏறி நிற்கிறது, சாயம் காய்கிறது. பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போட்டுச் சில மணி நேரம் ஆறவிட்டாயிற்று. மீட்டர் 12.5 காட்டுகிறது. வோல்ட்டேஜை மட்டும் பார்த்தால் நல்ல பேட்டரி. கண்ணாடி அணிந்து, கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கி முதல் செல்லின் அமிலத்தை உறிஞ்சுகிறார் டிரைவர். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை எழும்பி நிற்கிறது: 1.250. அந்த அமிலத்தை அதே செல்லுக்குள் திருப்பி விட்டுவிட்டு அடுத்தது. 1.245. மூன்றாவது 1.250. நான்காவதில் மிதவை முங்கிப்போகிறது: 1.180. ஐந்தும் ஆறும் மறுபடி 1.245, 1.250. ஒரு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் செல் கெட்டுவருகிறது என்று கொள்ளலாம், இங்கே 0.070. மறுபடி ஒருமுறை சார்ஜ் போட்டுப் பார்த்து, அப்போதும் நான்காவது ஏறாவிட்டால் புதிதுக்குச் சொல்லிவைக்க வேண்டியதுதான். ஜூன் 14க்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது.